கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நம்பிக்கையை எந்த அளவுகோலால் அளப்பது?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேரும் மாணவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். மேல்நிலையில் வரலாறு, வணிகவியல் போன்ற பாடங்களைப் படித்துவிட்டு வருகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இவர்கள்தான் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளில் மற்றப் பாடங்களோடு கணக்கையும் நடத்தப்போகிறவர்கள். பி.எட். வகுப்பில் நிலைமை வேறு. அங்கே கணிதப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். தொகைநுண்கணிதம் அவர்களுக்குக் கைவந்தது. ஆனால் குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் விடை ஏன் மிகை எண்ணாக வருகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், "விதி அப்படித்தான்" என்பதைத் தாண்டிச் செல்ல எத்தனை பேருக்கு முடியும்?

ஆசிரியர் தகுதித் தேர்வு இதைக் காட்டாது. முதல் தாளின் 150 மதிப்பெண்ணில் கணக்குக்கு 30. தேர்ச்சி மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு முடிவாகிறது. அதுவும் விடை தெரியுமா என்பதைத்தான் கேட்கிறது. இருபத்தைந்து குழந்தைகள் முன்னால் நின்று அதைப் புரியவைக்க என்னால் முடியும் என்று அந்த மாணவர் நம்புகிறாரா என்பது தனிக் கேள்வி. நம்பாதவர் கணக்குப் பாடவேளையை மற்றப் பாடத்துக்கு விட்டுக்கொடுப்பார், விதிகளை மனப்பாடம் செய்யவைப்பார், குழந்தை கேள்வி கேட்டால் அமர்த்திவிடுவார். அதனால்தான் இந்த நம்பிக்கையை அளக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்றுநர்களும் எம்.எட். ஆய்வு மாணவர்களும் தேடுகிறார்கள். இதை அளக்கும் கருவிகள், அதாவது ஆயத்த வினாப்பட்டியல்கள், நிறைய இருப்பதால் எதை எடுப்பது என்பதில் குழப்பமும் நிறைய.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி மாணவர்களுக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால், கணக்கின் குறிப்பிட்ட பகுதிகளைப் பெயர் சொல்லிக் கேட்கும் வினாப்பட்டியலைக் கல்லூரியே தயாரித்து, அதே பகுதிகளில் ஒரு சிறு செய்முறைப் பணியையும் பக்கத்தில் வைக்க வேண்டும். உலகம் அறிந்த கருவிகளுக்கு வேறு பயன் உண்டு. அந்தப் பயன் எது, எது அன்று என்பதைப் பிரித்தறியாமல் அவற்றை எடுத்தால், பக்கம் பக்கமாக எண்கள் கிடைக்கும், ஒரு மாணவருக்கும் அதனால் பயன் இருக்காது.

இந்தத் துறையில் அதிகம் புழங்குவது எம்.டி.இ.பி.ஐ. (கணக்குக் கற்பித்தல் திறன் நம்பிக்கைக் கருவி) என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் கருவி. லாரி ஈனாக்ஸ், ஃபிலிப் ஸ்மித், டீஆன் ஹுவின்கர் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்டது. அறிவியல் ஆசிரியர்களுக்காக ரிக்ஸும் ஈனாக்ஸும் முன்பே செய்திருந்த கருவியைக் கணக்குக்கு மாற்றியமைத்தார்கள். மொத்தம் 21 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் முழுமையாக உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பதுவரை ஐந்து நிலைகள். 13 கூற்றுகள், என்னால் கணக்கை நன்றாகக் கற்பிக்க முடியுமா என்ற சொந்த நம்பிக்கையைப் பற்றியவை. மீதி 8, நல்ல கற்பித்தல் நடந்தால் பிள்ளைகள் கற்பார்களா என்ற விளைவு எதிர்பார்ப்பைப் பற்றியவை.

இதன் பெரிய பலம், இன்னும் பணியில் சேராத பயிற்சி மாணவர்களுக்கென்றே எழுதப்பட்டது என்பது. பல நாடுகளில் பயன்பட்டிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய ஆய்வுகள் கிடைக்கும். நிரப்பவும் நேரம் பிடிக்காது. எம்.எட். ஆய்வேட்டுக்கு இதை எடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பயிற்சி நிறுவனத்தின் அன்றாடத் தேவைக்கு இதை எடுக்கும்போது மூன்று இடங்களில் இடறுகிறது. முதலாவது, விளைவு எதிர்பார்ப்புப் பகுதி. குழந்தையின் முன்னேற்றத்துக்கு ஆசிரியரே பொறுப்பு என்ற வகைக் கூற்றுகள் இதில் வருகின்றன. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நிறைந்த ஊரில் வளர்ந்த ஒரு பயிற்சி மாணவி, அறுவடைக் காலத்தில் வகுப்பு பாதியாகக் காலியாவதைக் கண்டவர், இதற்கு முழுமையாக உடன்பட மாட்டார். அவர் மதிப்பெண் குறையும். அது நம்பிக்கைக் குறைவா, நிலைமை அறிந்த தெளிவா? கருவி இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். ஆகவே இரண்டு பகுதிகளையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக எழுதுவது பெரும் தவறு. அவை இரண்டு வேறு விஷயங்கள் என்றுதான் கருவியைச் செய்தவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் கூட்டிப் போட்ட அட்டவணைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இரண்டாவது, சொந்த நம்பிக்கைப் பகுதியின் 13 கூற்றுகளில் 8 எதிர்மறையாக அமைந்தவை. எவ்வளவு முயன்றாலும் மற்றப் பாடங்களைப் போலக் கணக்கை நடத்த முடியாது என்ற வகையில் இருக்கும். இதற்கு 'மறுக்கிறேன்' என்று குறித்தால்தான் நம்பிக்கை உள்ளவர் என்று பொருள். வேகமாகப் படிப்பவர்கள் இங்கே மாற்றிக் குறித்துவிடுகிறார்கள். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்பதால் இந்தத் தடுமாற்றம் நமக்குக் கூடுதல். நேர்க்கூற்றுக்கும் எதிர்க்கூற்றுக்கும் ஒரே பக்கத்தில் குறித்திருக்கும் தாள்களை முதலில் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் கணக்கிடத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது இதைவிட முக்கியமானது. கருவி முழுவதிலும் கணக்கு என்று பொதுவாகத்தான் வருகிறது. எந்தக் கணக்கு என்று கேட்கவே இல்லை. கூட்டலில் உறுதியாகவும் பின்னத்தில் நடுங்கியும் இருப்பவர், சராசரியாக ஏதோ ஒரு நிலையைக் குறித்துவிட்டுப் போவார். 65க்கு 44 பெற்ற மாணவிக்கு அடுத்த வாரம் நான் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்த 44 எனக்குச் சொல்லாது. தலைமை ஆசிரியர் தன் வகுப்பைப் பார்வையிட வருவதை விரும்புவாரா என்று கேட்கும் கூற்றும் அதில் உண்டு. நம் பள்ளிகளில் தலைமை ஆசிரியரையோ வட்டாரக் கல்வி அலுவலரையோ யாரும் அழைப்பதில்லை, அவர்களாகத்தான் வருகிறார்கள். அந்தக் கூற்றுக்கு இங்கே கிடைக்கும் விடை பெரும்பாலும் அதிகாரத்தின் மீதுள்ள அச்சத்தின் அளவு.

அடுத்து நம் கல்லூரிகளில் அடிக்கடி கேட்கும் பெயர் டி.எஸ்.இ.எஸ்., அதாவது ஆசிரியர் திறன் நம்பிக்கை அளவுகோல். மேகன் ச்சானன்-மோரனும் அனிதா வுல்ஃபோக் ஹோயும் 2001இல் வெளியிட்டது. நீண்ட வடிவில் 24 கேள்விகள், குறுகிய வடிவில் 12. ஒன்பது நிலைகள். மாணவர்களை ஈடுபடுத்துதல், கற்பிக்கும் உத்திகள், வகுப்பை நடத்துதல் என்று மூன்று பிரிவுகள். நன்றாகச் செய்யப்பட்ட கருவிதான். ஆனால் இது எந்தப் பாடத்துக்கும் உரியதன்று. தமிழ் நடத்தும்போது வகுப்பைக் கட்டி வைத்திருப்பவர் இதில் உயர்ந்த எண் பெறுவார், அவருடைய கணக்கு அச்சம் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடும். பணி அனுபவம் இல்லாதவர்களிடம் இந்த மூன்று பிரிவுகளும் தெளிவாகப் பிரிவதில்லை, ஆகவே பயிற்சி மாணவர்களுக்கு மொத்த மதிப்பெண்ணையே கொள்வது பொருத்தம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுக்கும் தொடக்கப் பள்ளிக்கு இது ஏற்றது என்று சிலர் வாதிடுவதுண்டு. எல்லாப் பாடமும் எடுக்கிறார் என்பதாலேயே கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மெக்கீ, வாங் ஆகியோர் 2014இல் வெளியிட்ட செட்மி (கணக்குக் கற்பிக்கும் திறன் நம்பிக்கைக்கான கருவி) இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. கணக்கைக் கற்பிக்கும் முறை ஒரு பகுதி, கணக்கின் பாடப்பொருள் இன்னொரு பகுதி. இரண்டாம் பகுதியில் தொடக்கப் பள்ளிக் கணக்கின் தலைப்புகள் தனித்தனியாக வருகின்றன. எந்தத் தலைப்பில் ஒரு மாணவர் தயங்குகிறார் என்று தெரிந்துவிடுகிறது. ஆயத்த கருவி ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் நான் இதை எடுப்பேன். அப்போதும் அமெரிக்கப் பாடத்திட்டத்தின் தலைப்புகளை எடுத்துவிட்டு நம் ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பாடநூல்களின் அலகுகளை அங்கே வைக்க வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் வந்த பிறகு, சொந்தமாகவே ஒன்றைச் செய்துவிடலாம்.

கணக்கு அச்சத்தை அளக்கும் கருவிகளைச் சிலர் இதற்குப் பதிலாகக் கொடுத்துவிடுகிறார்கள். அச்சமும் நம்பிக்கையும் தொடர்புள்ளவை. 28 பயிற்சி மாணவர்களை வைத்து 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அச்சம் கூடக் கூட நம்பிக்கை குறைவதாக மிதமான அளவில் தெரிந்தது. மிதமான அளவில் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தேர்வறையில் கை நடுங்கும் ஒருவர், தன்னைப் போல் நடுங்கும் குழந்தையிடம் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவராகவும் இருக்கலாம். ஒன்றை அளந்து மற்றொன்றின் பெயரால் எழுதக் கூடாது.

சொந்தமாகச் செய்வதற்கு வழிகாட்டியவர், ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை பற்றிய கருத்தையே 1977இல் முன்வைத்த உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா. இத்தகைய அளவுகோல்களை எப்படி அமைப்பது என்று 2006இல் தனியாகவே எழுதினார். அவர் சொன்னவற்றில் நமக்கு வேண்டியவை எளியவை. எல்லாருக்கும் எல்லாச் செயலுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் கிடையாது, அளக்கும் செயலுக்கேற்பச் செய்துகொள்ள வேண்டும். செய்வேன் என்று எழுதவைக்காமல், இப்போது என்னால் செய்ய முடியும் என்று எழுதவைக்க வேண்டும். முன்னது நோக்கம், பின்னது திறனைப் பற்றிய கணிப்பு. எளியதிலிருந்து கடினமானது வரை படிகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் உச்சியில் போய் நிற்பார்கள். 0 முதல் 100 வரை பத்துப் பத்தாகக் குறிக்கச் சொல்ல வேண்டும். தாளின் தலையில் 'தன்னம்பிக்கை அளவுகோல்' என்று எழுதவே கூடாது, நடுநிலையான ஒரு தலைப்புப் போதும்.

இந்த வழியில் கேள்விகள் எப்படி இருக்கும்? தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்குமாக நான் எழுதக்கூடியவற்றில் சில:

52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய குழந்தை எப்படி யோசித்தது என்று கண்டுபிடித்து, பத்துக் குச்சிக் கட்டுகளை வைத்துத் திருத்த என்னால் முடியும்.

0.4ஐ விட 0.35 பெரியது, ஏனென்றால் 4ஐ விட 35 பெரியது என்று வாதிடும் குழந்தைக்கு, விதி சொல்லாமல் புரியவைக்க என்னால் முடியும்.

சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பும் வகுப்பில், அது தவறு என்று பிள்ளைகளே கண்டறியும் ஒரு செயல்பாட்டை நடத்த என்னால் முடியும்.

ஒன்றே முக்காலை அரையால் வகுப்பதற்கு வாழ்க்கையிலிருந்து ஒரு கதைக் கணக்கு உருவாக்க என்னால் முடியும்.

இப்படிப் பன்னிரண்டு, பதினைந்து கேள்விகள் போதும். ஒவ்வொன்றும் ஒரு குழந்தையையோ ஒரு வகுப்பையோ கண்முன் நிறுத்துகிறது. நான் நல்ல கணித ஆசிரியராக இருப்பேன் என்பதற்குத் தாராளமாக 90 போடும் கை, இங்கே நின்று யோசிக்கும். அப்படி யோசித்துக் குறிக்கும் எண்தான் நமக்கு வேண்டும்.

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கையை மட்டும் அளப்பது ஏன் போதாது என்பது அதில் தெரிகிறது. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் இதே வகுத்தலைக் கொடுத்துக் கதைக் கணக்கு உருவாக்கச் சொன்னார். 1999இல் அது வெளிவந்தது. அமெரிக்க ஆசிரியர்களில் பலர் அரையால் வகுப்பதையும் பாதியாகப் பங்கிடுவதையும் ஒன்றாக எண்ணிக் கதை சொன்னார்கள். ஒன்றே முக்கால் பீட்சாவை இருவர் பகிர்ந்துகொள்ளும் கதை பங்கீட்டுக் கதை, அது இரண்டால் வகுப்பது. நம் ஊரில் என்றால், ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் அடைத்தால் எத்தனை பாக்கெட் என்று கேட்கலாம். மூன்றரை. தலைகீழாக்கிப் பெருக்கும் விதி தெரிந்த எவருக்கும் மூன்றரை என்ற விடை வந்துவிடும். விடை வந்துவிட்டதாலேயே கற்பிக்கவும் முடியும் என்று நம்பி 90 குறிப்பார்கள். கதையைச் சொல்லச் சொன்னால்தான் பள்ளம் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் எண் குறித்த பிறகு, அவற்றில் நான்கைந்தை எடுத்து உண்மையாகச் செய்யச் சொல்ல வேண்டும். எழுத்தில் போதும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். இப்போது ஒவ்வொரு மாணவர் பற்றியும் இரண்டு செய்திகள் கையில் இருக்கும். நம்பிக்கையும் உண்டு, செய்யவும் முடிகிறது என்பவரை அப்படியே விடலாம். செய்ய முடிந்தும் 40 குறித்தவருக்குக் கூடுதல் கணக்கு வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது குழந்தைகளோடு ஒரு நல்ல அனுபவம், நீங்கள் செய்தது சரி என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பயிற்றுநர். முடியாது என்று குறித்து, முடியாமலும் இருப்பவர் நேர்மையாக வாசலில் நிற்கிறார். கற்றுக்கொள்ள வந்தவர் அவர். அவருடைய ஐயத்தை நோயாகப் பார்ப்பது தவறு, ஆசிரியரின் ஐயம்தான் பல நேரங்களில் புதிய முறைகளைத் தேடவைக்கிறது. என் கவலையெல்லாம் 90 குறித்துவிட்டுப் பாதியாகப் பங்கிடும் கதையை எழுதுகிறவரைப் பற்றித்தான். எம்.டி.இ.பி.ஐ. இவரை வகுப்பின் சிறந்த மாணவராகக் காட்டும். அடுத்த முப்பது ஆண்டுகள் ஆண்டுக்கு முப்பது குழந்தைகளுக்கு அந்தத் தவறான பின்னத்தை அவர் உறுதியோடு கற்பிப்பார்.

சொந்தக் கருவிக்கு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வேறு கல்லூரியோடு ஒப்பிட முடியாது. நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் முதலில் இருந்து நிறுவ வேண்டும். ஐம்பது பேர் உள்ள வகுப்பை வைத்துக் காரணிப் பகுப்பாய்வு (எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பண்பை அளக்கின்றன என்று பார்க்கும் புள்ளியியல் முறை) செய்தால் அதற்கு மதிப்பில்லை. மாணவர்களுக்கு உதவ நினைக்கும் பயிற்றுநர் இவற்றைப் பற்றி வருந்த வேண்டியதில்லை, கேள்வி கேள்வியாகத் தாள்களைப் பார்த்தாலே போதும். ஆய்வேடு எழுதுபவருக்குத்தான் இது உண்மையான தடை.

வினாத்தாளே வேண்டாம், பாடம் எடுப்பதை நேரில் பார்த்தால் போதும் என்று அனுபவமிக்க பயிற்றுநர்கள் சொல்வார்கள். நேரில் பார்ப்பதற்கு ஈடு இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் நுண்ணிலைக் கற்பித்தலில் நம் மாணவர்கள் தங்கள் வகுப்புத் தோழர்களுக்குத்தான் பாடம் எடுக்கிறார்கள். தோழர்கள் குழந்தைகளாக நடிப்பார்கள், குழந்தைகளைப் போலத் தவறு செய்ய மாட்டார்கள். 0.35 பெரியது என்று மனமார நம்பி வாதிடும் தோழர் அங்கே கிடைக்க மாட்டார். அங்கே பிறக்கும் நம்பிக்கை மேடைப் பேச்சின் நம்பிக்கை. பள்ளியில் நடக்கும் கற்பித்தல் பயிற்சியில் குழந்தைகள் உண்மையானவர்கள், ஆனால் அங்கே பயிற்றுநர் வந்து பார்ப்பது எப்போதாவது, பெரும்பாலும் பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திடும் நாளில். அந்த ஒரு நாள் பாடம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்த பாடமாகத்தான் இருக்கும். ஒரு வகுப்புக்கு நான்கைந்து பேரிடம் மட்டும், நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடைவெளி பெரிதாக இருப்பவர்களிடம், தாளை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவது இதைவிட அதிகம் கொடுக்கும். இந்த 30ஐ ஏன் குறித்தீர்கள் என்ற ஒற்றைக் கேள்வி போதும், ஐந்தாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நாள் முதல் எல்லாக் கதையும் வந்துவிடும்.

எப்போது அளப்பது என்பதும் எதனால் அளப்பது என்பதற்கு இணையான முடிவு. படிப்பின் முதல் வாரத்தில் அளந்தால் எண்கள் உயர்ந்திருக்கும், வகுப்பறை என்றால் என்னவென்று தெரியாத நம்பிக்கை அது. சில மாதங்கள் கழித்து அளந்தால் எண் சரியக்கூடும். பயிற்சி தோற்றுவிட்டது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். கற்பிப்பது எவ்வளவு கடினம் என்று அந்த மாணவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது, அதனால் அவர் மனத்தின் அளவுகோலே நீண்டுவிட்டது. இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. பயிற்சி முடிந்த பிறகு, இப்போது எவ்வளவு என்று கேட்பதோடு, இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால் முதல் வாரத்தில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்றும் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலால் குறிப்பார்கள். நினைவில் பிழை வரும் என்பது உண்மைதான், ஆனாலும் முதல் வாரத்துத் தாளைவிட இது நம்பத்தக்கது.

பி.எட். இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்பது என் பரிந்துரை. இயன்றால் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் மூன்றாவது முறை. வுல்ஃபோக் ஹோயும் ஸ்பெரோவும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கற்பித்தல் பயிற்சியின்போது உயர்ந்த நம்பிக்கை முதல் பணியாண்டில் இறங்கியது. பக்கத்தில் வழிகாட்டி ஆசிரியர் இருந்தவரை இருந்த உறுதி, தனியாக நின்றபோது குறைந்தது. நம் கல்லூரிகள் சான்றிதழ் கொடுத்ததோடு மாணவரை மறந்துவிடுவதால் இந்த இறக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

எந்தக் கருவியை எடுத்தாலும் அதைக் கெடுக்கக்கூடிய ஒன்று நம் நிறுவனங்களில் உண்டு. தாளைக் கொடுப்பவரும் அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆள். அந்த நிலையில் 40 என்று எழுத எந்த மாணவருக்கும் மனம் வராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பெயர் எழுதவேண்டாம் என்றால் யாருக்கு உதவுவது என்று தெரியாமல் போகும். மாணவர் தானே அமைத்துக்கொள்ளும் ஒரு குறியீட்டைத் தாளில் எழுதவைக்கலாம், அம்மாவின் பெயரின் முதல் எழுத்தும் பிறந்த தேதியும் சேர்ந்தது போல. எண்களைக் கொண்டு பாடத்தைத் திட்டமிடுங்கள். தனியாகப் பேச விரும்புபவர் தாமே தன் குறியீட்டைச் சொல்லிக்கொண்டு வரட்டும். செய்முறைப் பணியின் தாள்களுக்கும் மதிப்பெண் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும். ஒரு முறை அதை அகமதிப்பீட்டில் சேர்த்துவிட்டால், அடுத்த அணியிலிருந்து எல்லாத் தாளிலும் 90தான் வரும்.

ஆய்வேட்டுக்காக எம்.டி.இ.பி.ஐ.யை எடுத்தே ஆக வேண்டிய எம்.எட். மாணவர்கள் அதையும் சொந்த வினாப்பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கலாம். சொந்த நம்பிக்கைப் பகுதியின் 13 கூற்றுகளைத் தனியாகக் கணக்கிட்டு, அதோடு செயல்சார்ந்த கேள்விகளின் சராசரியை ஒப்பிட்டால், பொதுவான நம்பிக்கை எந்த அளவுக்குக் குறிப்பிட்ட நம்பிக்கையைக் காட்டுகிறது என்பதே ஓர் ஆய்வுக் கேள்வியாகிவிடும். மொழிபெயர்ப்பை ஒருவர் செய்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே களத்துக்குப் போங்கள். தாள்களைக் கொடுக்கும் வரிசையும் முக்கியம். எம்.டி.இ.பி.ஐ.யை முதலில் கொடுத்து வாங்கிவிட்டு, செயல்சார்ந்த கேள்விகளை இரண்டாவதாகவும், செய்முறைப் பணியைக் கடைசியாகவும் கொடுங்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கதையை எழுதிப் பார்த்துத் திணறியவரிடம் அதற்குப் பிறகு பொதுவான கேள்விகளைக் கேட்டால், அந்தத் திணறல்தான் விடையாக வரும்.